லேடீஸ் கேட் கங்கம்மா

மேற்குத் தாம்பரத்தில் பூமாதேவி தியேட்டர் என்று ஒன்று இருந்தது. அதில் பார்த்த படங்கள் மறந்து போயிருக்கலாம். பெண்கள் பக்கத்து வாசலில் டிக்கெட் கிழித்த கங்கம்மாவை யாரும் மறந்திருக்க முடியாது. டிக்கெட்டை வாங்கினோமா, கிழித்தோமா, உள்ளே அனுப்பினோமா என்று இருக்க வேண்டியதுதானே? அந்தப் பேச்சே அவளிடம் கிடையாது. முதலில் டிக்கெட்டைப் பார்ப்பாள். அப்புறம் ஆளைப் பார்ப்பாள், காலில் ஆரம்பித்துத் தலைவரைக்கும். அதன்பின் ஆளுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று எட்டிப் பார்ப்பாள். இவ்வளவும் முடிந்த பிறகுதான் கிழிப்பாள். சில பேருக்கு அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் செய்யாத தப்பெல்லாம் செய்தது போல முகம் வெளுத்துவிடும்.

சந்தேகம் அவளுக்குச் சம்பளத்தோடு வந்ததல்ல, கூடவே பிறந்தது போல இருந்தது. கைக்குழந்தையைப் போர்த்திக்கொண்டு வந்தால் துணியை விலக்கி உள்ளே இருப்பது குழந்தைதானா என்று பார்ப்பாள். மாசமாக இருக்கிறவள் வந்தால் எத்தனை மாசம், எந்த ஆஸ்பத்திரி என்று இரண்டு கேள்வியாவது கேட்பாள். ஜோடியாக வருகிறவர்கள் பாடுதான் பெரும்பாடு. புருஷனும் பெண்டாட்டியும் இப்படிச் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டு கியூவில் நிற்க மாட்டார்கள் என்பது அவளுடைய தீர்மானம். கட்டிக்கொண்டவர்கள் என்றால் ஒருத்தர் கிழக்கே பார்ப்பார், ஒருத்தர் மேற்கே பார்ப்பார்.

ஒருமுறை சேலையூர் காலனியிலிருந்து புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி வந்தது. கங்கம்மா அந்தப் பெண்ணை நிறுத்தி வைத்துவிட்டாள். பாவம், அது மஞ்சள் காயாத தாலிக்கயிற்றை வெளியே எடுத்துக் காட்டிய பிறகுதான் டிக்கெட் கிழிந்தது. மாப்பிள்ளைக்கு வந்ததே கோபம். நேரே மேனேஜர் ரூமுக்குப் போய்விட்டான்.

மேனேஜர் சாம்பசிவன் சாது. "சார், மன்னிச்சுக்கணும். அந்தம்மா சுபாவம் அப்படி. ஆனா ஒண்ணு பாருங்க, நாளைக்கு உங்க மிஸஸ் தனியா வந்தாக்கூட ஒருத்தன் வாலாட்ட முடியாது" என்றார்.

அது உண்மைதான். இடித்துக்கொண்டு போகிறவன், பின்னால் வந்து பாட்டுப் பாடுகிறவன் எல்லாம் கங்கம்மாவின் குரலுக்கே பின்வாங்கிவிடுவார்கள். காலனி அம்மாக்கள் வயசுக்கு வந்த பெண்களைத் தைரியமாக மேட்னிக்கு அனுப்பினார்கள். அதனால்தான் எத்தனை புகார் வந்தாலும் சாம்பசிவன் அவளைக் கைவிடவில்லை.

அவள் அங்கே வேலைக்கு வந்த கதையே தனி.

கடப்பேரிக்காரி. புருஷன் பெயர் சேட்டு. வீடுகளுக்கு வெள்ளையடிக்கிறவன். குடிக்க மாட்டான், சீட்டாட மாட்டான், வாரத்தில் இரண்டு மூன்று நாள் சினிமாவுக்குப் போவான், அவ்வளவுதான். "எங்க வூட்டு ஆளுக்கு சினிமா பைத்தியம், வேற ஒரு கெட்ட பழக்கம் கெடையாது" என்று குழாயடியில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள் கங்கம்மா. அவளைச் சுற்றி நின்ற பெண்கள் குடத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பார்கள். அது ஏன் என்று அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

எண்பதாம் வருஷம் மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் நாலு வயசுப் பெண் புஷ்பத்துக்குக் காய்ச்சல் தூக்கிப் போட்டது. கண் செருகியது. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பூமாதேவி தியேட்டருக்கு ஓடினாள். புருஷன் உள்ளேதான் இருக்கிறான், கூப்பிட்டுக் கொடுங்கள் என்று அழுதாள்.

அந்தக் காலத்தில் அதற்கு ஒரு வழி இருந்தது. படம் பார்க்கிறவர்களுக்கு வெளியே அவசரம் என்றால் ஆபரேட்டரிடம் சொல்ல வேண்டும். அவர் ஒரு கண்ணாடித் துண்டில் மையைத் தடவி, ஊசியால் கீறி எழுதி, ஸ்லைடாகப் போடுவார். ஓடுகிற படத்தின் மேலேயே எழுத்து விழும். பிரசவ வலி, சாவு, ஊரிலிருந்து விருந்தாளி, எல்லாச் சேதியும் அப்படித்தான் வந்து சேரும். ஆபரேட்டர் சவுரிமுத்து அன்றைக்கு எழுதிப் போட்டார்: 'கடப்பேரி சேட்டு. குழந்தைக்குக் காய்ச்சல். உடனே வெளியே வரவும்.'

யாரும் வரவில்லை. மறுபடி போட்டார். வரவில்லை. படம் விட்டு வெளியே வந்த ஆண்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தாள் கங்கம்மா. அதில் சேட்டு இல்லை. சாம்பசிவன்தான் ரிக்ஷா பிடித்துக் குழந்தையை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். குழந்தை பிழைத்துக்கொண்டது.

சேட்டுவுக்குக் குன்றத்தூரில் இன்னொரு குடும்பம் இருந்தது, இரண்டு பிள்ளைகளோடு. மறுநாள் பக்கத்து வீட்டுக்காரியைப் பிடித்து உலுக்கியபோது அவள் சொன்னாள்: "உனக்குத் தெரியாதாக்கா? தெருவுக்கே தெரியுமே. நீயும் தெரிஞ்சிகினுதான் சொம்மா கீறேன்னு நெனச்சோம்."

புருஷன் போனதைக்கூட அவள் தாங்கிக்கொண்டாள். அவன் அப்படியே குன்றத்தூரோடு போய்விட்டான், இவளும் தேடிப் போகவில்லை. ஊருக்கெல்லாம் தெரிந்தது தனக்கு மட்டும் தெரியாமல் போனதே, குழாயடியில் நின்று பெருமை பேசினோமே, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. இனி எந்த விஷயமும் கடைசியாக வந்து நம் காதில் விழக்கூடாது என்று முடிவு செய்தாள். லேடீஸ் கேட்டில் இருந்த அம்மாள் அப்போதுதான் வேலையை விட்டிருந்தாள். சாம்பசிவன் கூப்பிட்டுக் கொடுத்தார். சந்தேகப்படுவதற்கென்றே ஒரு வேலை கிடைத்த மாதிரி ஆயிற்று.

வந்த கொஞ்ச நாளிலேயே அந்த ஸ்லைடை அவள் வேறு மாதிரிப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டாள். காலேஜுக்குப் போன பெண் சினிமாவுக்குப் போயிருக்கிறாளோ என்று பெற்றவர்கள் வந்து வாசலில் கையைப் பிசைவார்கள். கங்கம்மா சவுரிமுத்துவிடம் ஏறிப் போய் ஸ்லைடு போடச் சொல்வாள். வெறுமனே 'வெளியே வரவும்' என்று போட்டால் கள்ளம் உள்ளவர்கள் தலையைக் குனிந்துகொண்டு உள்ளேயே உட்கார்ந்துவிடுவார்கள். 'அப்பா ஆஸ்பத்திரியில்' என்று போட்டால் கல்நெஞ்சுக்காரியும் எழுந்து வந்துவிடுவாள். அவள் பின்னாலேயே, நமக்கென்ன என்பது போல ஒரு பையனும் வருவான். அங்கே குட்டு வெளிப்பட்டுவிடும்.

"பொய் சொல்லிப் போடறது பாவம் கங்கம்மா" என்று சவுரிமுத்து முனகுவார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர்.

"பெத்தவன் ஏமாந்துகினு கெடக்கறது பாவம் இல்லியா?" என்பாள் இவள்.

இப்படித்தான் ராஜகோபாலன் என்கிற ஸ்கூல் வாத்தியாருடைய மகள் சுந்தரவல்லியை வெளியே வரவழைத்தாள். பின்னால் பையனும் வந்தான். வாத்தியார் அங்கேயே அந்தப் பெண்ணை அறைந்தார். காலேஜ் நின்றது, அந்த ஆவணியிலேயே எங்கேயோ கட்டிக் கொடுத்துவிட்டார்கள். கியூவில் நின்றவர்கள் எல்லாரும் பார்க்க அந்தப் பெண் அறை வாங்கியதை நினைத்து கங்கம்மா கொஞ்சமும் வருந்தவில்லை. 'நான் இல்லாட்டி அந்த மனுஷனும் கடைசியாத்தான் தெரிஞ்சிகினு இருப்பான்' என்று வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தாள். என்னைக் கேட்டால், அன்றைக்கே யாராவது அவளுக்கு நாலு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் ஏன் சொல்கிறார்கள் என்றுதான் யோசித்திருப்பாள்.

இப்படிப்பட்டவள் பெற்ற பெண் எப்படி வளர்ந்திருக்கும்? புஷ்பம் சத்தமே இல்லாமல் வளர்ந்தது. அம்மா சினிமாக் கொட்டகையில் வேலை செய்கிறாள், ஆனால் அந்தப் பெண் ஒரு படம் பார்த்ததில்லை. "கொட்டாயில காலை வெச்ச, காலை ஒடிச்சி அடுப்புல வெச்சிடுவேன்" என்று சொல்லி வைத்திருந்தாள் கங்கம்மா. சினிமா என்று சொல்லித்தானே சேட்டு போனான். பத்தாவது முடித்ததும் சானட்டோரியம் பக்கத்தில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலைக்குப் போனாள். காலையில் போவாள், இருட்டுவதற்குள் வந்துவிடுவாள், சம்பளக் கவரைப் பிரிக்காமல் அம்மா கையில் கொடுப்பாள். அதுவே கங்கம்மாவுக்குச் சந்தேகம். இவ்வளவு நல்ல பெண்ணாக ஒருத்தி எதற்காக இருக்க வேண்டும்?

தொண்ணூற்றாறில் புஷ்பத்துக்கு இருபது வயசு. கங்கம்மாவின் தம்பி மாரி ஒரு வரன் கொண்டுவந்தான். ஓசூரில் ஃபேக்டரியில் ஃபிட்டர். நல்ல பையன், குடி கிடையாது. அவர்கள் புஷ்பத்தை வந்து பார்த்துப் பிடித்திருக்கிறது என்றும் சொல்லிவிட்டார்கள். புஷ்பம்தான் பிடிகொடுக்கவில்லை.

"இப்ப வேணாம்மா."

"ஏன் வேணாம்? பையனைப் புடிக்கலியா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. இப்ப வேணாம்."

அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு மாரி சொன்னான்: "தை மாசம் வரைக்கும் டயம் குடுத்துக்கீறாங்க. அதுக்குள்ள பொண்ணாண்ட பக்குவமா கேளு. மனசுல ஏதுனா கீதா இன்னான்னு."

கங்கம்மா உடனே கணக்குப் போட்டாள். மனசில் ஏதோ இருக்கிறது என்றால் மனசில் யாரோ இருக்கிறான். அவன் யார்? எவ்வளவு நாளாக? கம்பெனியில் எல்லாருக்கும் தெரியுமா? மறுபடியும் நான்தான் கடைசியா?

தம்பி சொன்னபடி பக்குவமாகக் கேட்டிருக்கலாம். அவள் கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவாள் என்று நினைத்தாள். அன்றையிலிருந்து பெற்ற பெண்ணைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க ஆரம்பித்தாள்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் புஷ்பம் கைகால் கழுவிக்கொண்டிருந்தபோது அது கண்ணில் பட்டது. முழங்கைக்கு மேலே வரிசையாகச் சிவந்த தடிப்பு. தெரியாதவர்கள் கொசு என்பார்கள். கங்கம்மா பதினாறு வருஷம் தியேட்டரில் இருந்தவள். அது மூட்டைப்பூச்சிக் கடி. வீட்டில் மூட்டைப்பூச்சி கிடையாது. பாய், தலையணை எல்லாவற்றையும் மாசத்துக்கு ஒருமுறை வெந்நீர் ஊற்றி வெயிலில் போடுகிறவள். கம்பெனியில் உட்காருவது இரும்பு ஸ்டூல். அப்படியென்றால் இந்தப் பெண் மெத்தை வைத்த சினிமா நாற்காலியில் கையை மேலே போட்டு மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கிறாள்.

"இன்னாடி இன்னிக்கி லேட்டு?"

"ஓட்டிம்மா. ஓவர்டைமு."

கண்ணும் லேசாகச் சிவந்திருந்தது. அழுதிருக்கிறாள். எதற்கு அழுதாள்? அவன் கைவிட்டுவிட்டானா? கங்கம்மா ஒன்றும் கேட்கவில்லை. சோற்றைப் போட்டாள். அன்றைக்கு அவளுக்கு மட்டும் சோறு இறங்கவில்லை.

திங்கட்கிழமை புஷ்பத்தோடு வேலை செய்கிற கன்னியம்மாவை மார்க்கெட்டில் மடக்கினாள். வாயைக் கிண்டுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. "சனிக்கெழம கூட ஓட்டி போட்டு வேலை வாங்கறானுங்களே, பொண்ணுங்க பாவம் இல்ல?" என்று பரிதாபமாக ஆரம்பித்தாள்.

கன்னியம்மா சிரித்தாள். "சனிக்கெழம ஓட்டியா? மத்தியானமே வுட்டுடுவாங்களே ஆன்ட்டி."

அந்தப் பெண் சிரித்த சிரிப்பு கங்கம்மாவுக்கு முள்ளாகத் தைத்தது. இவளுக்குத் தெரியும், எல்லாருக்கும் தெரியும் என்று தோன்றியது. உண்மையில் கன்னியம்மாவுக்கு ஒரு மண்ணும் தெரியாது.

தியேட்டர்களில் லேடீஸ் கேட்டில் நிற்கும் பெண்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. ஒருத்தி வேலை செய்கிற தியேட்டருக்கு இன்னொருத்தி போனால் டிக்கெட் கேட்க மாட்டார்கள், டீ வாங்கிக் கொடுப்பார்கள், எல்லாக் கதையும் பேசுவார்கள். குரோம்பேட்டையில் ஒரு தியேட்டரில் செல்வமேரி இருந்தாள். கங்கம்மாவைவிட இளையவள், அக்கா அக்கா என்று உயிரை விடுவாள். கங்கம்மா அவளிடம் போய்ப் புஷ்பத்தின் அடையாளத்தைச் சொன்னாள்.

செல்வமேரி யோசிக்கவே இல்லை. "அய்ய, அது உன் பொண்ணாக்கா? ஒல்லியா, கழுத்தாண்ட மச்சம்? சனிக்கெழம தவறாம மேட்னிக்கு வருமே. தனியாதான் வரும். சேர் டிக்கெட் வாங்கிகினு மூலையில குந்திகினு பாக்கும். சோகப் படம்னா தேம்பித் தேம்பி அழுவும். நல்ல பொண்ணுக்கா."

"தனியா வர்றாளா?"

"தனியாதான்."

"வாசல்ல தனியா வருவா. உள்ளார அவன் முன்னாடியே வந்து குந்தினு இருப்பான். நான் பாக்காததா?"

"நான் டார்ச் அடிச்சி சீட்டு காட்டறவக்கா. பக்கத்துல ஒருத்தனும் கெடையாது."

கங்கம்மா செல்வமேரியைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். "உனக்கு அவ எதுனா குடுத்தாளா?" என்று கேட்டாள்.

செல்வமேரியின் முகம் விழுந்துவிட்டது. "உன்னாண்ட பேசறதே பேஜாருக்கா. டீ ஆறுது, குடிச்சிட்டுக் கெளம்பு" என்று எழுந்து போய்விட்டாள்.

அடுத்த சனிக்கிழமை கங்கம்மா சாம்பசிவனிடம் தலைவலி என்று சொல்லி லீவு எடுத்தாள். அவள் லீவு கேட்டதே இல்லை என்பதால் சாம்பசிவன் மாத்திரை வேண்டுமா என்று கேட்டார். குரோம்பேட்டைக்கு ரயில் ஏறினாள். மேட்னி ஆரம்பித்துப் பாதிப் படம் ஆகியிருக்கும். செல்வமேரியிடம் போகவில்லை, மாடிப்படி ஏறி நேரே ஆபரேட்டர் ரூமுக்குப் போனாள். பூமாதேவி கங்கம்மா என்றால் அவருக்கும் தெரியும். வீட்டில் ஒருத்தருக்கு உடம்பு மோசம், பெண் உள்ளே இருக்கிறாள், ஒரு ஸ்லைடு வேண்டும் என்றாள். தியேட்டர்காரர்களுக்குள் இதெல்லாம் மறுக்கிற வழக்கமில்லை. அந்த மனுஷர் அவள் சொன்னபடியே கீறினார்.

'கடப்பேரி புஷ்பம். அம்மா ஆஸ்பத்திரியில். உடனே வெளியே வரவும்.'

கங்கம்மா கீழே இறங்கி, சேர் கிளாஸ் கதவுக்கு எதிரே சோடாக் கடைத் தட்டியை ஒட்டி மறைவாக நின்றுகொண்டாள். பெண் வருவாள், பின்னாலேயே அவன் வருவான். என்ன சட்டை, என்ன மீசை, எல்லாவற்றையும் மனசில் பதித்துக்கொள்ள வேண்டும். பிடித்து நாலு பேர் முன்னால் நிறுத்த வேண்டும்.

கதவு படாரென்று திறந்தது. புஷ்பம் ஓடி வந்தாள். காலில் செருப்பு இல்லை. முந்தானை கீழே புரண்டது. "அம்மா, அம்மா" என்று வாய்க்குள்ளேயே அரற்றிக்கொண்டு, தட்டிக்குப் பின்னால் நின்றவளை உரசாத குறையாகத் தாண்டி ஓடினாள்.

கங்கம்மா அவளைப் பார்க்கவில்லை. அவள் கண் கதவில் இருந்தது.

கதவு ஆடி நின்றது. யாரும் வரவில்லை. உஷாரான பயல், கொஞ்சம் பொறுத்து வருவான் என்று நின்றாள். ஒரு கிழவர் வந்தார், பாத்ரூமுக்குப் போனார். அவ்வளவுதான். உள்ளே ஒரு பாட்டு ஆரம்பித்து முழுசாக ஓடி முடிந்தது.

அப்போதுதான் செல்வமேரி வாசலிலிருந்து கத்திக்கொண்டு வந்தாள். தட்டிக்குப் பின்னால் நின்றவளைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "அடிப்பாவி! நீ நல்லாத்தான் கீறியா? உன் பொண்ணு ஜி.எஸ்.டி. ரோட்டுல வெறுங்காலோட ஓடுது. பஸ்காரன் பிரேக்கு போட்டு அசிங்கமா திட்டிட்டுப் போறான். நீ இங்க இன்னாத்தப் பாத்துகினு நிக்கிற?"

கங்கம்மா ஓடினாள். இந்தப் பெண் எந்த ஆஸ்பத்திரி என்று யாரிடமும் கேட்காமலே ஓடியிருக்கிறது. பக்கத்தில் இருப்பது கவர்ன்மெண்ட் ஆஸ்பத்திரி, அங்கேதான் போயிருக்கும். மூச்சு வாங்க வாங்க அங்கே போய்ச் சேர்ந்து, பெண்கள் வார்டு எங்கே என்று கேட்டு, வாசலில் போய் நின்றாள்.

புஷ்பம் உள்ளே இருந்தாள். கட்டில் கட்டிலாகப் போய்க்கொண்டிருந்தாள். ஒவ்வொரு கட்டிலிலும் குனிந்து முகத்தைப் பார்த்தாள். ஒருத்தி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள், அவள் தோளை மெல்லத் தொட்டுத் திருப்பிப் பார்த்தாள். கடைசிக் கட்டிலில் ஒரு அம்மாள் தலைவரை போர்த்திக்கொண்டு கிடந்தாள். புஷ்பத்தின் கை போர்வை வரைக்கும் போய்ப் போய்த் திரும்பியது. விலக்கிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. தலைமாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நர்ஸ் யாரைத் தேடறே, பேர் என்ன என்று கேட்டுக்கொண்டே இருந்தாள், அது இவள் காதில் விழவே இல்லை.

பிறகு தற்செயலாகத் திரும்பினாள். வாசலில் அம்மா நிற்கிறாள். நெற்றியில் பொட்டு, கையில் பை, உடம்பில் ஒரு கீறல் இல்லை.

புஷ்பத்தின் முகத்தில் ஒரு நிமிஷம் வந்த சந்தோஷத்தைப் போல ஒன்றைக் கங்கம்மா தன் ஆயுசில் பார்த்ததில்லை. அழுகையும் சிரிப்புமாகக் கையை நீட்டிக்கொண்டு ஓடிவந்தாள். கங்கம்மாவும் கட்டிக்கொள்ளத்தான் நினைத்தாள். ஆனால் பதினாறு வருஷப் பழக்கம் நாக்கில் முந்திக்கொண்டது. மகளின் தோளுக்கு மேலாக வார்டுக்குள் பார்த்துக்கொண்டே கேட்டாள்:

"கூட வந்தவன் எங்கடி?"

நீட்டிய கை அப்படியே நின்றது. புஷ்பம் அம்மாவைப் பார்த்தாள். சந்தோஷம் வடிந்து, எல்லாம் ஒவ்வொன்றாகப் புரிந்துகொண்டு வந்தது அந்த முகத்தில் தெரிந்தது. ஸ்லைடு பொய். ஆஸ்பத்திரி பொய். தான் ரோட்டில் ஓடியதை அம்மா எங்கேயோ நின்று வேடிக்கை பார்த்திருக்கிறாள்.

"யாரும்மா?"

"அதான், சினிமாவுக்கு இட்டுனு வந்தவன்."

"யாரும் இல்ல. நான் மட்டுந்தான்." அவள் குரல் உயரவே இல்லை. "பஸ் காசு மிச்சம் புடிச்சி சனிக்கெழமயில மட்டும் ஒரு படம் பாப்பேன். எனக்குன்னு வேற இன்னா கீது? பெஞ்சுல கொழந்தைங்க அழுவும், கதை காதுல வுழாதுன்னு சேர்ல போய் குந்துவேன். அவ்ளோதான்."

"அப்ப ஓசூர் பையனை ஏன் வேணாங்கற?"

புஷ்பம் முந்தானையை எடுத்துச் செருகிக்கொண்டாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கால் விரலில் கல் பட்டு ரத்தம் வந்திருந்தது, அதைக் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தபோது வேறு ஆள் போல இருந்தாள்.

"உன்ன தனியா வுட்டுட்டு அவ்ளோ தூரம் போவ மனசு வரல. அப்பாவும் வுட்டுட்டுப் போனாரு, நானும் போனா நீ இன்னா பண்ணுவன்னுதான் வேணாம் வேணாம்னேன்." பிறகு சொன்னாள்: "மாமாவாண்ட சொல்லிடு. நான் கட்டிக்கிறேன்."

"புஷ்பம்..."

"இப்ப போலாம்னு தோணுதும்மா."

சண்டை போட்டிருந்தால்கூடக் கங்கம்மாவுக்குச் சமாளிக்கத் தெரிந்திருக்கும். அவள் சண்டை போடவில்லை. திரும்பி வரும்போது ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். செருப்பு தியேட்டரிலேயே கிடக்கிறது, போய் எடுத்து வரட்டுமா என்று கங்கம்மா இரண்டு தடவை கேட்டாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அதற்குப் பின் ஒரு சனிக்கிழமைகூட அவள் சினிமாவுக்குப் போகவில்லை. மத்தியானமே வீட்டுக்கு வந்து அரிசி புடைத்தாள்.

தை பிறந்ததும் கல்யாணம் நடந்தது. மாரிக்கு ஒரே சந்தோஷம், பக்குவமாகக் கேட்கச் சொன்னேனே பார்த்தாயா அக்கா என்றான். சாம்பசிவன் வேட்டி துண்டோடு வந்து வாழ்த்தினார். சவுரிமுத்து மோதிரம் போட்டார். செல்வமேரிக்குப் பத்திரிகை போனது, அவள் வரவில்லை. பந்தியில் எல்லாரும் மாப்பிள்ளையின் நல்ல குணத்தைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்கள். கங்கம்மா எல்லாருக்கும் தலையாட்டினாள். பையனிடம் ஏதாவது குறை கண்ணில் படாதா, நிறுத்திவிடலாமே என்று கடைசி வரைக்கும் தேடினாள். ஒரு குறையும் இல்லை.

மறுவாரம் காலையில் தாம்பரத்தில் ஓசூர் பஸ் ஏற்றிவிடப் போனாள். மாப்பிள்ளை பெட்டியைக் கூரையில் ஏற்றிக் கட்டிக்கொண்டிருந்தான். புஷ்பம் ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்திருந்தாள். கங்கம்மா கீழே நின்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஊறுகாய் பாட்டில் நிமிர்ந்து இருக்கிறதா பார் என்றாள். தண்ணீர் மாறினால் தலைவலி வரும், காய்ச்சிக் குடி என்றாள். புஷ்பம் எல்லாவற்றுக்கும் சரி சரி என்றாள்.

டிரைவர் ஏறி உட்கார்ந்து இன்ஜினைக் கிளப்பினான். அப்போது புஷ்பம் குனிந்து, அம்மாவின் கை மேல் கையை வைத்தாள்.

"ஒரே ஒரு தடவ நீ என்னாண்டயே கேட்டிருக்கலாம்மா. எங்கடி போற, யார் கூடப் போறன்னு."

"கேட்டா நெசத்தச் சொல்லியிருப்பியா?"

"சொல்லியிருப்பேன். நீயும் வாம்மான்னு கூப்ட்டிருப்பேன்."

கங்கம்மா அந்த முகத்தைப் பார்த்தாள். எவ்வளவு பார்த்தும் அதில் பொய் இல்லை. கண்டக்டர் விசில் கொடுத்தான், அவள் கம்பியிலிருந்து கையை எடுத்தாள், பஸ் நகர்ந்தது.